பலகையை வாசிக்கக் கண் வேணும்

எந்தக் கண் ஆஸ்பத்திரியின் சேவைப் பட்டியலை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பார்வைப் பரிசோதனை. வெண்புரை சத்திரசிகிச்சை. குளுக்கோமா. விழித்திரைக்கு லேசர். கண்ணுக்குள் ஊசி. கருவிழி மாற்று. பிள்ளைகளின் மாறுகண்ணுக்குத் தனி கிளினிக். அரச ஆஸ்பத்திரி என்றால் இது சுவரில் இருக்கும். தனியார் என்றால் பளபளக்கிற தாளில் அச்சடித்து, வெள்ளவத்தை ஃபிளாட்டுகளின் கதவுக்குக் கீழால் தள்ளியிருப்பார்கள். இரண்டிலும் நாங்கள் காணாத வரி ஒன்று இருக்கிறது: "என்ன செய்யப் போறம், ஏன் செய்யப் போறம், வீட்ட போய் நீங்கள் என்ன செய்ய வேணும் எண்டதை உங்களுக்கு விளங்கிற மொழியில வாயால சொல்லுவம்."

இந்தக் கட்டுரை அந்த விடுபட்ட வரியைப் பற்றியது. அதில் 'வாயால' என்ற சொல்லைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

கொழும்பில் தமிழுக்கு உரிமை என்று கதை தொடங்கினால் உடனே வருவது பெயர்ப்பலகை. பஸ்ஸில் எழுத்துப்பிழை, திணைக்கள வாசலில் எழுத்துப்பிழை, கழிப்பறைக் கதவில் அதைவிடக் கேவலமான எழுத்துப்பிழை. ஒருவர் படம் எடுத்துப் போடுவார், நூறு பேர் சிரிப்பார்கள், இன்னும் நூறு பேர் கொதிப்பார்கள், மூன்றாம் நாள் எல்லாரும் வேறு படத்துக்குப் போயிருப்பார்கள். பலகை தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பிழையான தமிழ் ஓர் அவமதிப்புத்தான். ஆனால் கண் ஆஸ்பத்திரிக்கு வாற ஆளை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. வெண்புரை மூடின கண். சொட்டு விட்டு, கண்மணி விரிஞ்சு, கிட்ட இருக்கிற எழுத்தெல்லாம் கலங்கித் தெரியிற கண். பஞ்சு வைச்சு ஒட்டின கண். வாசலில் தங்க எழுத்தில், ஒரு புள்ளி கூடப் பிசகாத தமிழில் பலகை வைச்சாலும், அதை வாசிக்க முடியாத ஆக்கள்தான் அந்த வாசலுக்கு வருகிறார்கள்.

ஆகவே எங்கட வாதம் இதுதான்: கண் ஆஸ்பத்திரியில் தமிழ் என்பது எழுத்துப் பிரச்சினையாக மட்டும் இருக்க முடியாது, அது குரல் பிரச்சினை. அந்தக் குரல் மரியாதைக்காகச் சேர்க்கிற அலங்காரமும் இல்லை. அது சிகிச்சையின் ஒரு பாகம். அது இல்லாவிட்டால் சிகிச்சை பாதியில் நிற்கிறது.

கதைத்தால்தான் கண்ணைச் சோதிக்கலாம்

இரத்தம் எடுத்தால் இரத்தம் மொழி கேட்காது. எக்ஸ்ரேயும் அப்படித்தான். கண் அப்படி இல்லை. கண் சோதனையில் பாதி ஒரு உரையாடல்.

கண்ணாடி போடுவதற்கு நடக்கிற சோதனையை எடுங்கள். வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது நல்லமா, அது நல்லமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி விளங்காத ஆள் தலையை ஆட்டுவார். எல்லாத்துக்கும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலில் இருந்து ஒரு இலக்கம் வரும், இலக்கத்தில் இருந்து ஒரு கண்ணாடி வரும், கண்ணாடி மேசை லாச்சிக்குள் போகும். பிறகு "அம்மாவுக்குக் கண்ணாடி ஒத்துவரேல்ல" என்று வீட்டில் சொல்லுவோம்.

குளுக்கோமாவில் நிலைமை இன்னும் மோசம். கண்ணுக்குள் அழுத்தம் கூடியோ வேறு விதமாகவோ பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற வருத்தம் அது. பார்வையின் ஓரங்கள் முதலில் போகும், நோவு இருக்காது. எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க ஒரு இயந்திரம் இருக்கிறது. வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் இருக்கிற புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. பக்கத்தில் எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அமர்த்த வேண்டும். இவ்வளவும் விளங்கினால்தான் அது சோதனை. "வெளிச்சத்தைப் பார்" என்று மட்டும் அரைகுறையாக விளங்கினால், மனிசர் ஒவ்வொரு வெளிச்சத்தையும் கண்ணால் துரத்துவார். இயந்திரம் அதற்கும் ஒரு படம் வரையும். அந்தப் படத்தை நம்ப முடியாமல் திரும்ப வரச் சொல்லுவார்கள், அல்லது நம்பி மருந்தை மாற்றுவார்கள். குளுக்கோமாவில் போன நரம்பு திரும்பி வராது. அங்கே ஒரு விளங்காத வசனத்துக்கு விலை இருக்கிறது.

வெண்புரைக்கு வருவோம். எங்கட வீடுகளில் 'வெள்ளை படர்ந்திட்டுது' என்றும் 'கற்றரக்ட்' என்றும் சொல்லுகிற சங்கதி. உலகத்தில் ஆக்கள் பார்வை இழப்பதற்கு முதல் காரணம் இதுதான், திருப்பிக் கொடுக்கக்கூடிய பார்வையும் இதுதான். 1949இல் லண்டனில் ஹெரல்ட் ரிட்லி முதன்முதலில் ஒரு செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானங்களின் பிளாஸ்ரிக் கண்ணாடித் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் ஏறியும் கண் அதைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்று கவனித்ததில் பிறந்த யோசனை அது. 1967இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெல்மன் மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சுகிற முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்குச் சில மில்லிமீற்றர் வெட்டுக்குள்ளால் மடித்த வில்லையை உள்ளே விட்டு, தையல் போடாமல், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

இந்தச் சிகிச்சை நடக்கும்போது பெரும்பாலும் நோயாளி முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறார். கண் மட்டும் விறைச்சிருக்கும். முகத்தைத் துணியால் மூடியிருப்பார்கள். அவருக்கு இருக்கிறது காது மட்டும். அந்தக் காதில் "உட பலன்ன", "பஹல பலன்ன" என்று விழுகிறது. மேலே பார், கீழே பார் என்பதுதான் அது. சிங்களம் தெரியாத எழுபது வயது ஆச்சிக்கு 'பஹல' என்பது 'பகல்' போலக் கேட்டால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தன் கண்ணுக்குள் கத்தி நிற்கிற நேரத்தில், யாரோ தன்னிடம் எதையோ கேட்கிறார்கள், தான் செய்யவில்லை, குரல் உயர்கிறது. எழுபத்தைந்து வருசமாக அந்தக் கருவி எவ்வளவோ முன்னேறிவிட்டது. கட்டிலில் கிடக்கிற ஆளுக்குச் சொல்லுகிற பத்து வசனத்தைத்தான் நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

போத்தல் மூன்று, துண்டு ஒன்று

பெரிய இடறல் சத்திரசிகிச்சை முடிந்த பிறகுதான். கையில் சின்னச் சின்னப் போத்தல்கள், ஒரு துண்டு. ஒன்று கிருமி பிடிக்காமல் இருக்க, ஒன்று வீக்கம் குறைய. ஒன்றை எத்தனை நாளைக்கு விடுவது, மற்றதைக் கிழமைக்குக் கிழமை எப்படிக் குறைப்பது, இரண்டுக்கும் இடையில் சில நிமிசம் ஏன் விட வேண்டும், போத்தல் முனை ஏன் இமையில் படக்கூடாது, கண்ணை ஏன் கசக்கக்கூடாது. இவ்வளவும் வாயால் சொல்லி, திருப்பிக் கேட்டு, "இப்ப நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்" என்று உறுதிப்படுத்த வேண்டிய விசயங்கள். போத்தலில் உள்ள எழுத்து நல்ல கண்ணுக்கே தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வசனம் இருக்கிறது: "கண் சிவந்து, நோவெடுத்து, பார்வை குறைஞ்சால் அடுத்த கிளினிக் வரைக்கும் நிக்காதேங்கோ, உடன வாங்கோ." சத்திரசிகிச்சைக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமி போவது அரிது. போனால் மணித்தியாலக் கணக்கில் கண் கெடும். அந்த ஒரு வசனம் விளங்காத ஆள், நோவு எண்டால் வெட்டினது நோகத்தானே செய்யும் என்று பொறுத்துக்கொண்டு கிடப்பார். எங்கட சனம் பொறுமைக்குப் பேர் போனது. இந்த இடத்தில் பொறுமை கண்ணைக் குடிக்கும்.

சீனி வருத்தக்காரர் கதையும் இப்படித்தான். சீனி விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்குகிறது. அதற்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், அது ஒருக்காப் போட்டு முடிகிற ஊசி இல்லை, திரும்பத் திரும்பப் போட வேண்டும். இதை யாரும் விளக்காவிட்டால், முதல் ஊசிக்குப் பிறகு பார்வை பளிச்சென்று வராததைக் கண்டு, "அது சரிவரேல்ல" என்று ஆள் நின்றுவிடுவார். குளுக்கோமா சொட்டும் அப்படி. விட்டாலும் பார்வை கூடாது, விடாவிட்டாலும் அன்றைக்கு நோகாது. இருக்கிறதைக் காப்பாற்றத்தான் அந்த மருந்து. இப்படி ஒரு மருந்தை வாழ்நாள் முழுக்க விட வைப்பதற்குத் துண்டு போதாது, ஒரு மனிசர் இருந்து கதைக்க வேண்டும்.

நுவரெலியாவை மறக்க வேண்டாம்

2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது மருத்துவமனையில் வெண்புரை சிகிச்சை செய்துகொண்ட சிலர் பார்வையை இழந்தார்கள். இந்தியாவில் குஜராத்தில் தயாரான பிரெட்னிசலோன் கண்சொட்டு மருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது, சுகாதார அமைச்சு அதைப் பாவனையில் இருந்து எடுத்தது. நாடு வங்குரோத்தான காலம் அது. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்துவதாக அறிவிக்கும் அளவுக்குப் போயிருந்தது. மருந்து கிடைத்தாலே போதும் என்ற நிலையில் எதை எப்படி வாங்கினார்கள் என்பது வேறு ஒரு பெரிய வழக்கு. அதே காலத்துச் சுகாதார அமைச்சர் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் கைதானார்.

ஊழலைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள், எழுதத்தான் வேண்டும். நாங்கள் கேட்பது அதற்குப் பக்கத்தில் கிடக்கிற சின்னக் கேள்வி. ஒரு சொட்டு மருந்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று கொழும்பில் முடிவெடுத்தால், அந்தப் போத்தலை ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுபோன ஆளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? நுவரெலியா மாவட்டச் சனத்தொகையில் பாதிக்கு மேல் தமிழர். லயன் வீட்டில் இருக்கிற, ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிற ஒருவருக்கு யார் போன் எடுத்து, எந்த மொழியில், "அந்தப் போத்தலை விடாதேங்கோ" என்று சொல்லுவார்கள்? இதற்குப் பதில் ஒரு ஊடக அறிக்கை என்றால், அந்த அறிக்கை கண் தெரிகிற ஆக்களுக்காக எழுதப்பட்டது.

"கொழும்பில இருந்துகொண்டு சிங்களம் தெரியாதா?"

இந்தக் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும். சில நேரம் சிங்கள நண்பர்களிடம் இருந்து வரும். கூடுதலாக, சிங்களம் நன்றாகத் தெரிந்த தமிழரிடம் இருந்து வரும்.

முதலாவது, கொழும்புக் கண் ஆஸ்பத்திரி கொழும்புக்காரருக்கு மட்டும் உரியதல்ல. அது தேசிய ஆஸ்பத்திரி. ஊரில் முடியாத கேஸ் மட்டக்களப்பில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் ஹற்றனில் இருந்தும் இங்கேதான் வருகிறது. இரண்டாவது, கொழும்பு பிரதேச செயலகப் பிரிவுக்குள் தமிழ் பேசுகிறவர்கள்தான் பெரும்பான்மை. கொட்டாஞ்சேனையில் தமிழ் ஒரு விருந்தாளி மொழி இல்லை. மூன்றாவது, சந்தையில் மீன் வாங்குகிற சிங்களம் வேறு, "கண்ணின் நடுப்புள்ளியில் இருந்து பார்வையை எடுக்காமல் பக்கத்து வெளிச்சத்துக்குப் பொத்தானை அமர்த்து" என்கிற சிங்களம் வேறு. பயத்தில் இருக்கிற மனிசருக்குத் தெரிந்த இரண்டாம் மொழியும் மறந்துபோகும். அது இந்த ஊரில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும்.

பிறகு ஒரு சமாதானம் வரும்: "கூட ஒரு ஆள் வரலாம்தானே." வரலாம். யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்ட பேத்தி. நாட்சம்பளத்தை விட்டுவிட்டு வந்த மகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் அம்மம்மாவுக்கு 'இந்தக் கண் இனித் தெரியாது' என்ற செய்தியை மொழிபெயர்க்கிற நாட்டில், அந்தப் பிள்ளையின் சம்பளம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? தியேட்டர் கதவுக்கு அங்கால் அந்தப் பிள்ளையையும் விடமாட்டார்கள்.

மதுரையைப் புகழுங்கோ, ஆனால் முழுசாப் புகழுங்கோ

வெள்ளவத்தையில் கண் வருத்தம் என்றால் அடுத்த வசனம் "இந்தியாவுக்குக் கொண்டு போங்கோ" என்பதுதான். மதுரை, சென்னை. விமானத்தில் ஏறி இறங்கினால் சரி. போய் வந்தவர்கள் சொல்லுவதைக் கவனித்துக் கேட்டால் ஒன்று தெரியும். இயந்திரத்தைப் பற்றி அவர்கள் குறைவாகத்தான் சொல்லுவார்கள். "எல்லாம் விளங்கப்படுத்திச் சொன்னவை" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லுவார்கள்.

மதுரை அரவிந்தை 1976இல் டொக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கினார். அரச சேவையில் ஓய்வு பெற்ற பிறகு, மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 11 கட்டில்களுடன் தொடங்கின இடம். காசு கொடுக்கக்கூடியவரிடம் வாங்கி, கொடுக்க முடியாதவருக்கு இலவசமாகச் செய்கிற முறை. இறக்குமதி வில்லை ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால் 1992இல் அரோலாப் என்று சொந்தத் தொழிற்சாலை போட்டு, வில்லை விலையை அடியோடு இறக்கினார்கள். இதெல்லாம் எங்கட ஆக்கள் சொல்லிச் சொல்லிப் புகழுகிற கதை. சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. ஊர்ப்புறத்தில் பள்ளிக்கூடம் முடித்த இளம்பெண்களை எடுத்து, பயிற்றி, கண் சோதனையில் இருந்து தியேட்டர் உதவி வரை பெரும் பங்கு வேலையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். நோயாளிக்கு இருந்து விளக்கம் சொல்லுவதற்கென்றே ஆலோசகர்களை வைத்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணரின் நேரம் சத்திரசிகிச்சைக்கு, கதைக்கிற நேரம் கதைக்கப் பயிற்றப்பட்ட ஆளுக்கு.

"டொக்டர்மாருக்கு எங்க நேரம்?" என்ற சாட்டுக்கு மதுரையில் எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. டொக்டர்தான் கதைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கதைக்கிறதை ஒரு வேலையாக மதித்து, அதற்குச் சம்பளம் போட வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

விட்டுப் போனவர்களும் வரிசையில் நிற்பவர்களும்

இனி எங்கட பக்கத்துக்கு. லிப்டன் சுற்றுவட்டத்தில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற பழைய கட்டடத்தைக் கொழும்பில் எல்லாருக்கும் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா ஞாபகார்த்தக் கண் ஆஸ்பத்திரியாகக் கட்டினது. 1951இல் இந்த நாடு அரச ஆஸ்பத்திரிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு கண் வைத்தியம் இங்கே பிச்சையும் இல்லை, சரக்கும் இல்லை, உரிமை. எங்கட தாத்தாமாரும் பாட்டிமாரும் அந்த உரிமையோடுதான் அந்த வாசலில் ஏறினார்கள்.

இப்போது என்ன நடக்கிறது? ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளைகள் இருக்கிற வெள்ளவத்தை வீடு தனியாருக்குப் போகிறது, இலட்சக் கணக்கில் பில் கட்டுகிறது, அங்கே தமிழில் கதைக்கிற ஒருவரைப் பணத்தோடு சேர்த்து வாங்குகிறது. ஜம்பட்டா வீதிப் பக்கத்து முடுக்கில் இருக்கிற வீடு விடிய எழும்பி அரச கிளினிக் வரிசைக்குப் போகிறது. இரண்டு வீடும் ஒரே மொழி பேசுகிறது. ஆனால் எந்த வீட்டுக்கு வக்கீலைத் தெரியுமோ, ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியுமோ, பத்திரிகைக்காரரைத் தெரியுமோ, அந்த வீடு வரிசையை விட்டுப் போய்விட்டது. போனபிறகு, "கவர்மென்ட் ஆஸ்பத்திரி சரியில்லை" என்று பால்கனியில் இருந்து சொல்லுகிறது. தனியாருக்குப் போவது அவரவர் விருப்பம், பாவமும் இல்லை. ஆனால் போகிறவர்கள் தங்கட குரலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் எங்கட குற்றச்சாட்டு.

பழைய மாணவர் சங்கங்களிடமும் கோயில், சேர்ச் சபைகளிடமும் ஒரு கேள்வி. வருசம் ஒருக்கா இலவசக் கண் முகாம் வைக்கிறீர்கள். பனர், குத்துவிளக்கு, இலவச மூக்குக்கண்ணாடி, குரூப் போட்டோ. நல்லது. அதில் "வெண்புரை இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று துண்டு கொடுத்தீர்களே, அந்த ஆக்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்? அங்கே அவர்களோடு யார் கதைத்தார்கள்? முகாமில் கொடுக்கிற துண்டு பாலத்தின் முதல் பலகை மட்டும். மிச்சத்தைப் போடாமல் திறப்பு விழா வைத்தால் என்ன பிரயோசனம்?

கொட்டாஞ்சேனைக்குக் கண்ணைப் பற்றிப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அங்கே பேராலயமே புனித லூசியாளின் பெயரில் நிற்கிறது, கண்ணுக்குப் பாதுகாவலி அவ. பக்கத்துக் கோயில்களில் அம்மனுக்குக் கண்மலர் நேருகிறார்கள். நேர்த்தி வைக்கிற இடத்தில் தமிழ் தாராளமாக இருக்கிறது. வைத்தியம் நடக்கிற இடத்திலும் அதே தாராளம் வேண்டும் என்று கேட்பதில் என்ன அதிகப்படி இருக்கிறது?

சட்டம் இருக்குது, ஆள் இல்லை

நாங்கள் புதுச் சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. 1988இல் 16ஆம் திருத்தம் அதை விரித்தது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளலாம், அலுவல் பார்க்கலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்லுகிறது. மொழி உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழு வந்தது, ராஜகிரியவில் இருக்கிறது, முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 2007 ஜூலை முதலாம் திகதிக்குப் பிறகு அரச சேவைக்கு வருகிறவர்கள் ஐந்து வருசத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் இருக்கிறது.

சுற்றறிக்கைக்குத் தேர்ச்சி என்றால் சோதனையில் பாஸ். ஆச்சிக்குத் தேர்ச்சி என்றால் "மேல பாருங்கோ" என்று ஒருவர் சொல்லுவது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கட சனம் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது.

இது தமிழருக்கு மட்டும் கேட்கிற சலுகையும் இல்லை. தமிழ்ப் பகுதியில் சிகிச்சைக்கு வருகிற சிங்களத் தாய்க்கும் இதே உரிமை இருக்கிறது, இருக்க வேண்டும். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கின கண்தானச் சங்கம் 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கருவிழிகளை அனுப்பியது. அதற்குப் பிறகு இந்த நாட்டில் இறந்தவர்களின் கருவிழிகள் பாகிஸ்தான், ஜப்பான் என்று எத்தனையோ நாட்டுக்குப் போய், பெயர் தெரியாத ஆக்களின் முகத்தில் வெளிச்சமாக இருக்கின்றன. கடல் தாண்டிக் கண் கொடுக்கிற நாடு, கட்டிலில் கிடக்கிற தன் ஆளுக்கு அவருடைய மொழியில் பத்து வசனம் கொடுக்க முடியாது என்றால் யார் நம்புவது?

எங்கட கோரிக்கை நான்கு. ஒவ்வொரு அரச கண் கிளினிக் நாளிலும், நோயாளிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் சொல்லுவதையே வேலையாகக் கொண்ட, சம்பளம் பெறுகிற ஒருவர் இருக்க வேண்டும். ஒப்பப் படிவத்தில் கையெழுத்து வாங்க முதல் அதை அவருக்கு விளங்கிற மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். சொட்டு மருந்து விடும் முறையையும் ஆபத்து அறிகுறிகளையும் குரலாகப் பதிந்து, வீட்டுக்குப் போகும்போது போனுக்கு அனுப்ப வேண்டும். மருந்தைத் திரும்பப் பெற்றால் அதை வாங்கிப் போன ஒவ்வொருவருக்கும் அவர் மொழியில் அழைப்பு எடுக்க வேண்டும். இதில் எதற்கும் வெளிநாட்டு இயந்திரம் தேவையில்லை.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று. அடுத்த முறை எழுத்துப்பிழைப் பலகையைக் கண்டால் படம் எடுங்கோ, போடுங்கோ. ஆனால் வீட்டில் யாரையாவது கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாளில், உள்ளே நின்று மரியாதையாக, சத்தமாகக் கேளுங்கோ: "இவவுக்குத் தமிழில சொல்ல யார் இருக்கினம்?" இல்லை என்றால் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கோ. உங்கட ஆள் தனியாரில் பார்த்துக்கொண்டாலும் எழுதுங்கோ.

தியேட்டருக்குள் தேவைப்படுகிற பத்து வசனங்களை இதோ நாங்களே எழுதித் தருகிறோம். எந்த மொழிக்காரரும் ஒரு பின்னேரத்தில் படிக்கலாம்.

மேல பாருங்கோ.
கீழ பாருங்கோ.
வெளிச்சத்தைப் பாருங்கோ.
தலையை ஆட்டாதேங்கோ.
இருமல் வந்தால் முதல் சொல்லுங்கோ.
நோகுதா?
பயப்பிடாதேங்கோ.
இன்னும் கொஞ்ச நேரம்தான்.
நோவும் சிவப்பும் வந்தால் உடன வாங்கோ.
முடிஞ்சுது அம்மா, எழும்பலாம்.